எண்ணியே கொலை செய்த வில்லன்

என் தங்கை சம்பூர்ணத்தின் கணவர் துரை ஒரு காலத்தில் சினிமா வில்லன். அவருடைய மீசையைப் பார்த்துப் பயந்து வேடந்தாங்கல் பறவைகள் ஒரு வருஷம் சீசனுக்கே வரவில்லை என்பார்கள். என்பார்கள் என்ன, நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

மீசைதான் அவருடையது. குரல் வேறு யாருடையதோ. கேமரா முன்னால் ‘ஒன், டூ, த்ரீ’ என்று எண்ணி வாயை அசைப்பார்; பிறகு டப்பிங்கில் ஒரு கனத்த தொண்டைக்காரர் வசனத்தைப் பொருத்திவிடுவார். துரையின் சொந்தக் குரல் கீச்சென்று இருக்கும். எங்கள் தெருவில் குக்கர் விசில் அடித்தால், துரை கூப்பிடுகிறார் என்று பாதிப் பேர் எழுந்து வருவார்கள். அதனால் எல்லாப் படத்திலும் மனுஷன் எண்ணியே கொலை செய்தார்.

வாய்ப்பெல்லாம் நின்று வெகுகாலம் கழித்து, கவியா என்ற இளம் இயக்குநர் தேடி வந்தாள். மறக்கப்பட்ட நடிகன் ஒருவன் மேடை நாடகத்தில் நடிக்கத் திரும்பி வருகிறான், அதுதான் படம். மாமல்லபுரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் நிஜமாகவே நாடகம் நடக்கும், ஊர் ஜனம் பார்க்கும், கேமரா எங்கும் நிற்காமல் ஒரே ஷாட்டில் எல்லாவற்றையும் பிடிக்கும்.

“குரல்?” என்று துரை தயங்கினார்.

“உங்க குரல்லயே பேசுங்க சார். சரியா வரலைன்னா டப்பிங் பண்ணிக்கலாம்.”

அந்தக் கடைசி வாக்கியம் அவரை அரித்தது. தினமும் என்னையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போய் அலைகளிடம் வசனம் பேசினார்.

“மச்சான், இந்த ஒரு தபாவாவது எங்கொரலு வெளிய வரணும். இல்லாங்காட்டி நான் போனப்புறம் டிவில என் மூஞ்சி வரும், எவனோ பேசிகினு இருப்பான்.”

“பேசு மாப்ள. ஆனா மெதுவா. மீனெல்லாம் ஆந்திரா பக்கம் ஓடிட்ச்சின்னு படகுக்காரங்க பேஜாரா கீறாங்க.”

நாடகத்தன்று மண்டபத்தில் லட்சம் பேர். சரி, நாற்காலிகள் நிரம்பியிருந்தன. செத்துப்போன மகளின் படத்துக்கு முன்னால் நின்று அப்பன் மன்னிப்புக் கேட்கும் கட்டம். துரை முகத்தில் விளக்கு விழுந்தது. கேமரா கிட்டே வந்தது.

“ஒன்,” என்றார். “டூ. த்ரீ.”

அத்தனை வருஷப் பழக்கம். கேமராவைக் கண்டதும் வாய் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. கண்ணில் நீர் வழிகிறது, வாய் ‘ஃபோர், ஃபைவ்’ என்கிறது. பின்வரிசையில் சிரிப்புக் கிளம்பியது. கவியா ஷாட்டை நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற என்னிடம், “பரவால்ல, டப் பண்ணிடலாம்,” என்று முணுமுணுத்தாள்.

முன்வரிசையில் சம்பூர்ணம் எழுந்தாள்.

“யோவ், இன்னாத்த எண்ணிகினு கீற? வூட்ல கொழம்புல உப்பு கொறஞ்சா தெருமுனை வரைக்கும் பேசுவியே. பேசு.”

“லைட்டு மூஞ்சில அடிக்குது சம்பூர்ணம். எல்லாம் மறந்து பூட்ச்சி.”

அந்த மீசைக்குள்ளிருந்து அப்படியொரு குரலை யாரும் எதிர்பார்க்கவில்லை.

“மறந்தா இன்னா? பெத்த பொண்ணாண்ட மன்னிப்பு கேக்க மனப்பாடம் பண்ணுவாங்களா?”

துரை படத்தின் பக்கம் திரும்பினார்.

“கண்ணு,” என்றார். “நீ கூப்ட்டப்போ நான் வர்ல. வந்துடலாம் வந்துடலாம்னு இருந்துட்டேன்.”

எழுதிக்கொடுத்த வசனத்தில் ஒரு சொல்கூட அதில் இல்லை. கீச்சுக் குரல் நூலாக மெலிந்து கடைசியில் அறுந்தது. பின்வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் விட்ட கண்ணீரில் பக்கிங்காம் கால்வாய் நிரம்பியது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்ததும் கவியாவிடம் துரை மெல்லக் கேட்டார். “டப்பிங் எப்போ மேடம்?”

“டப்பிங் கிடையாது சார். உங்க வீட்டம்மா பேசினதும் அப்படியே படத்துல இருக்கும்.”

“இருக்கட்டும்,” என்றாள் சம்பூர்ணம். “இத்தினி வருஷமா இந்தக் கொரல நான் ஒருத்தியே கேட்டுகினு கெடந்தேன். ஊரும் கொஞ்சம் கேக்கட்டும்.”

பிறகு, ஆட்டோவுக்கு வாடகை பேச அவரையே அனுப்பினாள். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.