கரண்ட் பில்லில் இருந்த ஊர்

ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலையில் சேர்ந்து அவளுக்குப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. காலை பத்தரைக்கு வந்த அழைப்பில் ஒரு அக்கா மூச்சிரைக்கப் பேசினாள்.

"தம்பிக்கு மோட்டார்ல ஷாக் அடிச்சிருச்சும்மா. பேச்சு மூச்சே இல்ல!"

"மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா? எந்த ஊரு அக்கா?"

"பண்ணிட்டேன். கோலாட்டி."

கம்ப்யூட்டரில் அடித்தாள். கோலவட்டி என்று ஓர் ஊர் வந்தது. "கோலவட்டிதானே?"

"ஆமா, கோலாட்டிதான். சீக்கிரம் வாங்களேன்!"

வண்டியை அனுப்பினாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கச் சொல்லி, தம்பியின் நடு நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தச் சொன்னாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... நிறுத்தாதீங்க." அக்காவும் கூடவே எண்ணினாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்களாம். கத்திப் பார்த்தும் ஒருவரும் வரவில்லையாம்.

ஒன்பதாவது நிமிடம் டிரைவர் கூப்பிட்டார். "ஊரையே சல்லடை போட்டாச்சு. இங்க யாருக்கும் ஷாக் அடிக்கலயே!"

அறையில் இருந்தவர்களிடம் "கோலாட்டி எங்க இருக்கு?" என்று கத்தினாள். எல்லோரும் வெளியூர்க்காரர்கள், திருதிருவென்று விழித்தார்கள்.

"அக்கா, ஊர் பேரை எப்படி எழுதுவீங்க?"

"எழுதறதா? நாங்க யாரும்மா எழுதினோம்? பஸ்காரங்க கூட கோலாட்டின்னுதான் கூவுவாங்க!"

"வீட்டுல கரண்ட் பில் இருக்கா?"

"உள்ள பீரோவுல... கையை எடுக்காதன்னு நீதானே சொன்ன?"

"கையை எடுத்துட்டு ஓடுங்க," என்றாள்.

எண்ணும் குரல் நின்றது. பீரோ கதவு மோதும் சத்தம். ஏதோ கீழே விழுந்து சிதறியது. நாற்பது விநாடி. அக்கா அழுதுகொண்டே எழுத்துக் கூட்டிப் படித்தாள். "கு... ழ... லாற்றுப்பட்டி."

குழலாற்றுப்பட்டி. பேச்சுவழக்கில் அதுதான் கோலாட்டி. ஆம்புலன்ஸ்கள் நிற்கும் நிலையத்திலிருந்து நான்கே கிலோமீட்டர். முதல் வண்டி போன கோலவட்டி அதற்கு நேர் எதிர்த்திசை. நிலையத்தில் இருந்த இரண்டாவது வண்டியை அனுப்பினாள். ஆறு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது.

தம்பி பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்க வேண்டாம் என்று அலுவலக அதிகாரி கை காட்டினார். அவள் எடுத்தாள்.

"அம்மாடி, ஒண்ணு கேக்கணும். அப்ப நான் கையை எடுத்தேனே, அதனாலதானா?"

"இல்லக்கா. நான் வண்டியை வேற ஊருக்கு அனுப்பிட்டேன். என் தப்பு."



"ஊர் பேரைக்கூட ஒழுங்கா சொல்லத் தெரியலன்னு எல்லாரும் என்னைத் திட்டுறாங்கம்மா."

"நீங்க ஒழுங்காத்தான் சொன்னீங்கக்கா," என்றாள்.