காலி இருக்கை

முன்வரிசையில் நடு இருக்கை மட்டும் காலியாக இருந்தது. ‘ஹெர்ஷல் பிராவர்மன்’ என்று, விழாவை நடத்தும் மார்கிட் தானே எழுதி ஒட்டிய தாள் அதில் இருந்தது. போரோஸ் நகரத்து யூதத் திரைப்பட விழாவின் முதல் படம், சனிக்கிழமை இரவு எட்டு மணிக் காட்சி. ஆரம்பிக்கப் போகிறார்கள், மனிதரை இன்னும் காணோமே என்று வாசலுக்கு வந்தவளின் முகத்தில் வெயில் பளீரென்று அடித்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நவம்பரில் நடக்க வேண்டிய விழா. நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டி, யூதர்களின் சனிக்கிழமை ஓய்வுநாள் முடிந்துவிடும். அரங்கத்தில் மராமத்து வேலை என்று ஜூனுக்குத் தள்ளியபோது மார்கிட் தேதியை மாற்றினாள், நேரத்தை அப்படியே விட்டுவிட்டாள். இந்த வடகோடி ஊரில் ஜூன் மாதம் இரவு பத்து மணிவரை சூரியன் நகர மாட்டேன் என்கிறது. ஓய்வுநாளில், வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியாமல் விளக்கைக்கூடத் தொடாத ஹெர்ஷல், படமா பார்ப்பார்? “ஓய்வுநாள் முடிஞ்சதும் வந்துடறேன்” என்று அவர் சொன்னபோது, காதில் வாங்காமலேயே “சரி மாமா” என்றது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

படத்தில் பாதி அவர் கொடுத்த சுருள்கள். தையல் ஆலையில் வேலை பார்த்த மனைவி ஃப்ரீமெட்டை அவரே எடுத்தவை. புரொஜெக்டர் கெட்டதிலிருந்து அலமாரியில் கிடந்தன. அவள் இறந்துபோனபிறகு அவற்றை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

இரண்டு தெரு தள்ளி, மாடியில் அவர் வீடு. ஓடிப்போய்ப் பழக்கதோஷத்தில், ஓய்வுநாளில் தொடக்கூடாத மின்சார அழைப்பு மணியை அழுத்திவிட்டாள். அந்த விரலை ஒடித்துப் போடலாம் போலிருந்தது.

ஹெர்ஷல் கோட்டும் டையுமாகக் கதவைத் திறந்தார். “என்ன அவசரம்? நட்சத்திரம் வரட்டும், நானே வரேன். கேக் சாப்பிடு.”

“மாமா, படம் ஆரம்பிச்சுட்டாங்க.” என்றாள் மார்கிட். “நேரத்தை மாத்த மறந்துட்டேன். எல்லாம் என் தப்புதான்.”

அவர் டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“உள்ள எத்தனை பேரு?”

“ஹால் ரொம்பிடுச்சு.”

“அவ்வளவு யூதங்க உக்காந்திருக்கீங்க. ஒருத்தருக்குக்கூடவா தோணல?” சிரித்துக்கொண்டேதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

“நாளைக்கு உங்களுக்கு மட்டும் தனியா போட்டுக் காட்டறேன் மாமா.”

“தனியாவா? தனியாத்தான இத்தனை வருஷமா அவளப் பாத்துட்டிருக்கேன், கண்ண மூடிட்டு. நாலு பேரோட உக்காந்து பாக்கணும்னுதான் உங்கிட்ட குடுத்தேன். அவளுக்குக் கூட்டம் புடிக்கும்.”

மார்கிட்டுக்குப் போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெர்ஷல் அவளுக்கு இன்னொரு துண்டு வெட்டி வைத்தார்.

படம் விட்டுக் கூட்டம் கீழே தெருவில் வந்தபோதும் வெளிச்சம் குறையவில்லை. ஒரு பெண் கலகலவென்று சிரித்தாள். “கேமராவப் பாத்து நாக்க நீட்டினாளே, தையல் மெஷின் முன்னால! யாருடி அவ?”

ஹெர்ஷல் விருட்டென்று எழுந்து ஜன்னலைத் திறந்தார்.

“நீட்டினாளா?” என்று மார்கிட்டைப் பார்க்காமலே கேட்டார்.

“ஆமா மாமா.”

பாதி உடம்பு வெளியே தெரியக் குனிந்து, போகிறவர்களின் பேச்சுக்கு அவர் காது கொடுத்தார். அவருடைய நரைத்த பிடரியில் வெயில் இறங்காமல் நின்றது.