கத்துகிற பெட்டிக்குப் போட்ட தொப்பி

மயிலாளுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது.

கனடாவில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை பனி மூடிக் கிடக்கும் சமவெளி ஊர் ஒன்றில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் அவள் மகள் பிரியங்கா குடியிருந்தாள். அந்த வீட்டுக் கூரையில், அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைப் பெட்டி அது. கடுகு தாளித்தால் கத்தும். மிளகாயைக் கிள்ளிப் போட்டால் ஊரைக் கூட்டும். ஒரு நாள் பச்சைப்பயறு கடைசலுக்குத் தாளிக்கும்போது அது வீறிட்ட வீறலில், பிறந்து மாதம் திரும்பாத பேத்தி வெடவெடத்து அழுதாள். இங்கே ஊரில், அருள்புரத்தில் உட்கார்ந்து போனில் பார்த்துக்கொண்டிருந்த மயிலாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு தாளிப்புப் போடறதுக்குக் கூடவா அந்த நாட்டுல இந்தப் பாடு? அந்தச் சனியனோட வாயக் கட்டு கண்ணு!"

"புகையோ கெட்ட காத்தோ வந்தா கத்துமுங்கம்மா. அதைக் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"கழட்டாதே. நான் அனுப்புன தொப்பில பெருசா ஒண்ணு கெடக்குமல்லோ, ரோஸ் கலரு? பெட்டிக்குப் பாலித்தீன் கவரைப் போட்டு, அதுக்கு மேல தொப்பிய இறுக்கி மாட்டியுடு."

மயிலாள் பனியன் கம்பெனியில் செக்கிங். குழந்தைத் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அளவு தப்பினதையும் ஓட்டை விழுந்ததையும் ஒதுக்கிப் போடுவது வேலை. ஒதுக்கினதில் நல்லதாக நாலைக் கேட்டு வாங்கிப் பேத்திக்கு அனுப்பியிருந்தாள். அதில் ஒன்று எந்தக் குழந்தைத் தலைக்கும் சேராமல் தொளதொளவென்று கிடந்தது. அது அந்தப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திவிட்டது. அப்புறம் கடுகு பாட்டுக்கு வெடித்தது, பெட்டி வாயைத் திறக்கவில்லை. மயிலாள் இந்தச் சாமர்த்தியத்தைச் செக்கிங் டேபிளில் ஒருத்தி விடாமல் சொல்லிச் சிரித்தாள்.

பிரசவத்துக்குப் போகலாம் என்றால் விசா கிடைக்கவில்லை. அதனால் பத்தியச் சமையலிலிருந்து குழந்தையைக் குளிப்பாட்டுவது வரைக்கும் போனிலேயே நடந்தது. இங்கே விடிந்தால் அங்கே பொழுது சாயும். கொள்ளு ரசத்துக்கு இவள் மிளகு சொல்லுவாள், அவள் அங்கே தட்டிப் போடுவாள். ஜன்னல் ஓரத்தில் ஐஸ்கிரீம் டப்பாக்களில் வெந்தயம் ஊன்றியிருந்தாள் பிரியங்கா. பின்னால் தோட்டம் என்று பேர்தான், மண் பாறையாக உறைந்து கிடந்தது. மே மாதம் வந்தால்தான் மண்வெட்டி இறங்குமாம். அது வரைக்கும் பிள்ளை பெற்றவளுக்குப் பச்சை என்று கண்ணில் பட அந்த வெந்தயக் கீரைதான் இருந்தது.

அன்று காலை மகள் போர்வைக்குள் இருந்துகொண்டு கூப்பிட்டாள். வாயிலிருந்து ஆவி பறந்தது.

"கீழ் ஊட்டு ஹீட்டர் நின்னு போச்சுங்கம்மா. வெளிய மைனஸ் முப்பத்தஞ்சு. நாளைக்குக் காலைலதான் ரிப்பேருக்கு வருவாங்களாமா. அவரும் நைட் ஷிப்ட் போயிட்டாரு."

"ஐயோ, பச்சப்புள்ள தாங்குமா?"

"மேல் ஊட்டு ஓனரம்மா அவங்க கூட வந்து படுத்துக்கச் சொல்றாங்க. போகட்டுங்களா?"

மயிலாள் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். நாற்பது நாள் கழியாமல் பிள்ளையை எடுத்துக்கொண்டு அடுத்தவர் வீட்டு வாசப்படி ஏறுவதா? அவர்கள் குடும்பத்தில் அந்த வழக்கமே கிடையாது.

"கொழந்தைக்குக் கண்ணுபட்டுப் போயிரும். ஊட்டுலயே இரு. உன்னையப் பெத்தப்ப எனக்குக் கட்டலுக்கடியில இரும்புச் சட்டில நெருப்பு வெச்சாங்க. கதகதன்னு இருக்கும். அங்க கரி கெடைக்குமா?"

"கோடைக்கு வெளிய வெச்சுச் சுடறதுக்கு வாங்குன கரி மூட்டை ஒண்ணு கெடக்குதுங்கம்மா."

"அப்புறம் என்ன? கனிய வெச்சு உள்ள எடுத்துட்டு வா. ஜன்னல் சந்துல துணியத் திணிச்சு அடைச்சுடு. காத்து வந்தா கீரையும் போயிரும்."

"செரிங்கம்மா" என்றாள் மகள். சின்ன வயதிலிருந்தே அம்மா சொல்லைத் தட்டாத பிள்ளை.

டீ டயத்தில் மயிலாள் இதையும் பெருமையாகத்தான் சொன்னாள். பக்கத்து ஸ்டூலில் இருந்த செல்லத்தாய் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவள். வாய்க்குப் போன வடை அப்படியே நின்றது.

"யக்கா, ரூமுக்குள்ளயா கரி வைக்கச் சொன்னிய? அடைச்ச ரூமுலயா?"

"ஏன், நாங்கெல்லாம் வெக்கலியா?"

"உங்க வீட்டுல ஓடு, சந்து பொந்து எல்லாம் இருந்திருக்கும். எங்க ஊருப் பயலுவ ரெண்டு பேரு கொடைக்கானல் ரூமுல கரிய வச்சிட்டுப் படுத்தானுவக்கா. குளிருக்குன்னு கதவு, ஜன்னல் எல்லாத்தையும் அடைச்சிட்டானுவ. காலைல எந்திக்கவே இல்ல. புகை கூட வராதாம். தூங்குற மாதிரியே போயிருவாகளாம்."

மயிலாள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள். வைத்ததாகத்தான் நினைத்தாள். அது உருண்டு டீ சேலையெல்லாம் கொட்டியது.

மகளுக்குக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். மருமகன் சரவணக்குமாருக்குக் கூப்பிட்டாள். அவர் வேலை பார்க்கிற குடோனுக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும், இருந்தாலும் கூப்பிட்டாள். மகளுக்கு மறுபடி. அந்தப் பெட்டியாவது கத்தித் தொலைத்து அவளை எழுப்பாதா என்று ஒரு கணம் நினைத்தவளுக்கு, அதன் வாயைக் கட்டச் சொன்னதும் தான்தான் என்பது நெஞ்சில் வந்து முட்டியது. அவசரத்தில் வேறு யார் யாருக்கோ போன் போனது.

"மேல் வீட்டுக்காரி நம்பர் இல்லையாக்கா?" என்று உலுக்கினாள் செல்லத்தாய்.

இருந்தது! பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அந்த அம்மாள்தான் தன் போனில் குழந்தையைக் காட்டினாள். பஞ்சாப்காரி. அன்றைக்கு இரண்டு பேரும் பாஷை தெரியாமல் சிரித்துச் சிரித்தே பேசி முடித்தார்கள். இன்றைக்குச் சிரிப்பு உதவாது.

"ரிங்கி!" என்று கத்திக்கொண்டு தையல் லைனுக்குள் ஓடினாள் மயிலாள். ரிங்கி பீகார்ப் பெண், இந்தி பேசுகிறவள், ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறவள். டீ முடிந்து மிஷின்கள் ஓடத் தொடங்கியிருந்தன. மயிலாள் அந்தப் பஞ்சாப்காரி நம்பருக்குக் கூப்பிட்டு, போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். செல்லத்தாய் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் போனை எடுத்துவிட்டார்கள். மிஷின் இரைச்சலில் ஒன்றும் காதில் விழவில்லை.

"என்னங்க இது, ஷிப்மென்ட் இருக்கறப்ப!" என்று வந்தான் சூப்பர்வைசர் சுரேந்தர். மயிலாள் முகத்தைப் பார்த்தவன் வேறு கேள்வி கேட்கவில்லை. "லைனை நிறுத்துங்க" என்றான்.

மிஷின்கள் நின்றன. வேலை நேரத்தில் அந்த ஹால் இவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

ரிங்கி இந்தியில் படபடவென்று பேசினாள். திரையில் தூக்கக் கலக்கத்தில் ஒரு முகம் தெரிந்தது, விழித்தது, மறைந்தது. அப்புறம் படிகள், செருப்புக் கால், ஒரு கதவு. முஷ்டியால் கதவை இடிக்கிற சத்தம்.

"பிரியங்கா! பிரியங்கா!"

கதவு திறக்கவில்லை.

"கதவு உள்ளே பூட்டு அக்கா" என்றாள் ரிங்கி. "சாவி மேலே இருக்கு. எடுக்கப் போறாங்க."

"ஓடச் சொல்லு! ஐயோ, ஓடச் சொல்லுடி!"

ஓடத்தான் ஓடினாள் அந்த அம்மாள். வயதான மூச்சு போனில் இரைத்தது. மறுபடி படிகள். சாவி பூட்டுக்குள் போகாமல் உரசுவது கேட்டது. கதவு திறந்தது. இருட்டில் சிவப்பாக ஒரு சட்டி, அவ்வளவுதான் தெரிந்தது. ஒரு அலறல். போனை எங்கோ கீழே வைத்துவிட்டு அவள் விளக்கைப் போட, திரை பளிச்சென்றது. போன் அண்ணாந்து கிடந்தது. கூரை மட்டும் தெரிந்தது.

கூரையில் அந்தப் பெட்டி. பெட்டியின் மேல் ரோஸ் தொப்பி.

வேறொன்றையும் பார்க்க முடியவில்லை. எதையோ தரையில் இழுக்கும் சத்தம், ஜன்னல் திறக்கும் சத்தம், அந்த அம்மாள் யாரையோ கெஞ்சுவதுபோல் பேசும் சத்தம் எல்லாம் அந்தத் தொப்பிக்கு அடியிலிருந்துதான் வந்தன. மயிலாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல் பிசகைக் கண்ட மாத்திரத்தில் சொல்லுகிற கண். தொப்பி சுருக்கமில்லாமல் கச்சிதமாக மாட்டியிருந்தது. அவள் சொன்னபடியே அடியில் பாலித்தீன் கவர் பளபளத்தது.

"என்ற சாமி, என்ற கண்ணு, எதாச்சும் சத்தம் குடு" என்று முனகினாள். செல்லத்தாய் அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டாள்.

முதலில் பூனை முனகுவதுபோல் கேட்டது. அப்புறம் வீறிட்டது. பேத்தியின் குரல்தான். அதற்கும் அப்புறம், எவ்வளவு நேரம் கழித்தோ, வாந்தி எடுக்கிற சத்தமும், "அம்மா... தலை..." என்று பிரியங்காவின் குரலும் வந்தன. மயிலாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹால் முழுக்க நின்றுகொண்டிருந்த பெண்களில் பாதிப் பேர் அழுதார்கள்.

"ரெண்டு பேரும் மூச்சு இருக்கு அக்கா" என்றாள் ரிங்கி. "மாடிப்படி மேலே உக்கார வச்சாங்க. ஆம்புலன்ஸ் வருது."

அந்த அம்மாள் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு போனை எடுக்கத் திரும்பி வந்தாள். குனியப் போனவள் அண்ணாந்து பார்த்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தொப்பியைக் கவரோடு சேர்த்துப் பிடுங்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பெட்டி கத்தத் தொடங்கியது. வெறி பிடித்ததுபோல் கத்தியது. ஜன்னல் ஓரத்தில் பனிக்காற்றில் வெந்தயச் செடிகள் மடங்கிக் கிடந்தன. அவள் தொப்பியைப் போனுக்கு நேராகப் பிடித்துக் கோபமாக ஏதோ கேட்டாள்.

ரிங்கி மயிலாளைப் பார்த்தாள். சொல்லத் தயங்கினாள்.

"என்ன கேக்கறாங்க?"

"இதை யார் மாட்டினது கேக்குறாங்க அக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெரியாது சொல்லட்டுமா?"

"வேண்டாம். அவ அம்மாதான்னு சொல்லு" என்றாள் மயிலாள். "கரி வெக்கச் சொன்னதும் அவதான்னு சொல்லு."

ரிங்கி சொன்னாள். அந்தப் பக்கம் பெட்டி கத்திக்கொண்டே இருந்தது. காதைப் பொத்திக்கொண்ட சுரேந்தர், சத்தத்தைக் குறைக்கலாமே என்று போனுக்குக் கை நீட்டினான்.

மயிலாள் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உடு சாமி. நல்லாக் கத்தட்டும்."