கழித்துப் போட்ட ஓடுகள்

1976 மார்ச் 13, சனி. பதுளை.

பெப்ரவரி 29ஆம் திகதி இந்தக் கொப்பியில் எழுதிய அட்டவணை பிழை. அளவுகளில் பிழையில்லை. நூற்றுப் பன்னிரண்டு மட்டி ஓடுகளையும் மாமாவின் இரும்புக் கடையிலிருந்து எடுத்துப்போன வேணியர் இடுக்கியால் இரண்டு தடவை அளந்திருக்கிறேன். அளப்பதற்கு என்னிடம் வந்த ஓடுகள்தாம் பிழை. பக்கத்தைக் கிழிக்கவில்லை. சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு, காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

நமுனுகுல மலைச் சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. அதில் ஒரு மடு. எழுபத்து நாலாம் ஆண்டுவரை மடுவின் கற்களுக்கிடையில் மட்டிகள் நெருக்கமாக ஊன்றி, படுகையாக இருந்தனவாம். கூப்பனுக்குப் பங்கீடாகக் கிடைத்த மாவும் அரிசியும் குறைந்துபோன அந்த வருடத்தில் லயத்து ஆட்கள் அவற்றை அவித்துத் தின்றார்கள். ஐந்து மாதத்தில் மடு வெறுமையானது. கடைசிக் கூடையை அள்ளியவர் பெரியாயி என்ற கொழுந்தெடுக்கும் பெண். இதை அவரே முதல் நாள் என்னிடம் சொன்னார். “நாந்தான் தம்பி வழிச்சு எடுத்தேன். எங்க சின்னது அதை அவிச்ச தண்ணியிலதான் பொழச்சுச்சு.” படுகை திரும்ப உண்டாகும்வரை யாரும் மடுவில் கை வைப்பதில்லை என்று லயம் லயமாகப் போய் வாக்கு வாங்கியவரும் அவர்தான். அப்படி இன்னொரு வருடம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி.

மாலை வகுப்பில் ஆளுக்கொரு உயிரியை அளந்து எழுதும்படி எங்கள் ஆசிரியர் லத்தீப் சேர் சொன்னபோது நான் மட்டியை எடுத்துக்கொண்டேன். “மட்டி அளக்கிறது எனத்துக்குடா ஸமீம்? நாங்க திங்கிற சாமானுமில்ல, விக்கிற சாமானுமில்ல” என்றார் மாமா. நான் அளப்பது லயத்து ஆட்களுக்குத் தெரிந்த பிறகு, எங்கேயிருந்து மட்டி கொண்டுவந்து மடுவில் விடுவது என்று சொல்லும் பொறுப்பும் என்னிடம் வந்தது. இரண்டு இடங்கள் இருந்தன. வயல்பக்கக் குளத்தில் ஏராளம். அவை வட்டமானவை, ஓடு மெல்லியது. மூன்று மைல் மேலே, காட்டுக்குள் ஓடும் அதே ஓடையில் கொஞ்சம். அவை நீளமானவை, தடித்தவை, சில கோணலானவை. மடுவில் முன்பு இருந்தவை எந்த மாதிரி என்று தெரிந்தால் போதும். அதற்காகத்தான் கரையிலும் அடுப்படிக் குப்பையிலும் கிடந்த பழைய ஓடுகளைப் பொறுக்கித் தரும்படி பெரியாயியிடம் கேட்டேன். ஒரு சாக்கு தந்தார். அளந்தேன். எல்லாம் வட்டம். மார்ச் 7ஆம் திகதி குளத்து மட்டி நூற்றெண்பதைக் கொண்டுபோய் மடுவில் விட்டோம். வியாழக்கிழமை மழை பெய்தது.

இன்று பகல் இரண்டு மணிக்குப் போனேன். சனிக்கிழமை அரைநாள் வேலை என்பதால் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் பெரியாயியும் அவரோடு கொழுந்தெடுக்கும் கருப்பம்மாவும் ஓடைக்கு வந்திருந்தார்கள். மடுவில் ஒன்றும் இல்லை. கீழ் வளைவில் தண்ணீர் ஒதுக்கிய புல்லில் மட்டிகள் வாய் பிளந்து கிடந்தன. காகங்கள் பெரும்பாலானவற்றை முடித்திருந்தன. நூற்று நாற்பத்தொன்றை எண்ணினேன். மற்றவை கண்ணில் படவில்லை.

“என்னா பெரியாயி, தொட்டில் கட்டித் தாலாட்டுனியே. புள்ளைங்க எல்லாம் எந்திரிச்சு ஓடிருச்சுங்களா?” என்றார் கருப்பம்மா.

“வாயை மூடிக்கிட்டு அந்தக் கல்லைப் பொரட்டுடி.”

கருப்பம்மா புரட்டிய கல்லுக்கும் பாறைக்கும் நடுவே பழைய ஓடு ஒன்று, இரண்டு பாதியும் பிரியாமல், செருகியபடியே நின்றது. நீளமானது. ஒரு பக்கம் முறுகியிருந்தது. விரலால் ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. சாக்கில் இந்த மாதிரி ஒன்றுகூட இருக்கவில்லை.

“இதுவா? இதுதாங்க ரொம்பக் கெடந்துச்சு” என்றார் பெரியாயி. “கோணலும் மாணலுமா இருந்துச்சா, கழிச்சு வேலிக்கு அங்கிட்டுப் போட்டுட்டேன்.”

“ஏன் அக்கா கழிச்சீங்க?”

“கொழுந்தெடுக்கிற கைதானே தம்பி. முத்துன எலை ஒண்ணு கூடையில கெடந்தாலும் நிறுக்கிற எடத்துல மூஞ்சில எறிவாங்க. படிக்கிற புள்ளைக்குக் குடுக்கிறது, பாத்துப் பொறுக்கித்தானே குடுக்கணும்?”

இரண்டு பொழுது உட்கார்ந்து தெரிவு செய்தாராம். வேலிக்கு அப்பால் முன்னூறுக்கு மேல் கிடந்தன. எழுபதை அங்கேயே அளந்தேன். எழுபதில் அறுபத்தாறு நீள வகை. காட்டோடையில் நான் பார்த்தவற்றுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஓடும் தண்ணீரில் கல்லிடுக்கில் நிற்பதற்கு இந்த உடம்புதான் வசதி என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்லத் துணிவில்லை. போன தடவை நிச்சயமாகச் சொன்னேன்.

பெரியாயி மீது குற்றமில்லை. எல்லாவற்றையும் அள்ளித் தாருங்கள் என்று நான் சொல்லவில்லை, எதற்கு அளக்கிறேன் என்றும் சொல்லவில்லை. சாக்கைக் கவிழ்த்தபோதே உடைந்த ஓடு ஒன்றுகூட இல்லாததைப் பார்த்தேன். சந்தேகம் வந்திருக்க வேண்டும். எண்கள் ஒன்றையொன்று ஒத்திருந்ததில் சந்தோஷம்தான் வந்தது.

மூன்றரைக்குத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீரய்யா வந்தார். மேலே றோட்டில் நின்றபடியே பேசினார். புதிய குவாட்டர்ஸ் கட்டுவதற்கு இந்த மடுவின் மணல் அவருக்கு வேண்டும்.

“என்னா, மட்டி எல்லாம் சொகமா இருக்கா?”

கருப்பம்மா குனிந்து அடுத்த கல்லைப் புரட்டினார்.

“பதினஞ்சாந் திகதி பாப்பேன்னு சொன்னேன். பாப்பேன். உசிரோட நின்னா மடு ஒங்களுக்கு. இல்லேன்னா அன்னிக்கே மணல் வண்டி எறங்கும். பெறகு ஒப்பாரி வைக்கப்படாது.”

அவர் போன பிறகு கருப்பம்மா மெதுவாகச் சொன்னார். “அந்த மனுசன் கீழ எறங்கவா போறாரு? செருப்பு நனையும்னு மேலேருந்து எட்டிப் பாப்பாரு. வேலிக்கு அங்கிட்டு கெடக்கிற ஓட்டையே சோடி சேத்து ஊண்டி வச்சா என்னா? உசிரு இருக்கா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?”

எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும். எத்தனை சோடி தேறும் என்றுகூட மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

பெரியாயி சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றிருந்தார். “அவரு பாத்துட்டுப் போயிருவாரு” என்றார். “பெறகு நம்ம என்னத்த அள்ளித் திங்கிறது?”

காட்டோடை மட்டிகளை எடுப்பதென்று முடிவானது. அங்கே மொத்தம் இருநூறுக்கு மேல் இருக்காது. எத்தனை எடுக்கலாம் என்று என்னைக் கேட்டார்கள். அதிகம் எடுத்தால் அந்த இடமும் இந்த மடு மாதிரி ஆகும். குறைத்தால் இங்கே பற்றாது. நாற்பது என்றேன். எதை வைத்து நாற்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

சேரிடம் இன்னும் சொல்லவில்லை. செவ்வாய் வகுப்பில் சொல்வேன்.

நாளை, ஞாயிறு: ஐந்தரைக்கு முதல் பஸ். சாக்கு இரண்டு, நனைத்து எடுக்க. காட்டோடையில் கைக்கு வருவதை வந்தபடி எடுப்பது, நாற்பதில் நிறுத்துவது. பத்து மணிக்குள் இறக்கிவிட வேண்டும், வெயில் ஏறினால் வாய் திறக்கும். மடுவில் மேல்கரையிலிருந்து நான், கீழ்க்கரையிலிருந்து பெரியாயி, ஆளுக்கு இருபது. கருப்பம்மா கல்லை நெம்பிப் பிடிப்பார். கூரான முனை கீழே, ஒவ்வொன்றாக இடுக்கில் ஊன்றி, கல்லை மெதுவாக விடுவது.