இருபத்தெட்டு நாற்பத்தாறானது

ஸ்ரீநாத் பால்கோவா டப்பாவை நீட்டியபோது கோமளாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாஸ் ஆகிவிட்டேன் மேம், ரொம்ப தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு அவன் வகுப்புக்கு ஓடினான். அவனுடைய ஆங்கிலத் தாளைத் திருத்தியதே அவள்தான். நூற்றுக்கு இருபத்தெட்டு போட்டிருந்தாள். தேற நாற்பது வேண்டும்.

திருமழிசையைத் தாண்டி, குத்தம்பாக்கம் போகிற வழியில் இருந்தது அந்தக் கல்லூரி. பெயரில் இன்டர்நேஷனல் இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு ஒப்பந்தம். இங்கே இரண்டு வருடம் படித்தால் அங்கே ஒரு வருடம். கேள்வித்தாள் அங்கிருந்து வரும். திருத்துவது இங்குள்ள ஆசிரியர்கள். திருத்திய மதிப்பெண்ணைத் தங்கள் பாஸ்வேர்டைப் போட்டுக் கல்லூரிக் கணினியில் ஏற்ற வேண்டும். வெளியிலிருந்து அதைத் திறக்க முடியாது.

இரண்டாம் பீரியட் அவளுக்கு வகுப்பில்லை. கணினியில் மதிப்பெண் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஸ்ரீநாத் நாற்பத்தாறு. அவன் மட்டுமல்ல, அவள் ஃபெயில் போட்ட பதினோரு பேரும் தேறியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் யார் எப்போது மாற்றியது என்ற குறிப்பு இருந்தது. பிப்ரவரி பன்னிரண்டு, மாலை ஆறு நாற்பது. மாற்றியவர் கோமளா.

அந்த நேரத்தில் அவள் கல்லூரிப் பேருந்தில், பருத்திப்பட்டு ஏரியோரம் நெரிசலில் நின்றுகொண்டிருப்பாள். ஐந்தே காலுக்குப் புறப்படும் பேருந்து திருநின்றவூரில் அவளை இறக்கிவிட ஏழே கால் ஆகும்.

அவளுடைய பாஸ்வேர்ட் தெரிந்த இன்னொரு ஆள் ஒருத்திதான். ஜெபா.

ஜெபா வணிகவியல் பாடம் எடுப்பவள். கோமளாவைவிட எட்டு வயது சின்னவள். நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்து சேக்காட்டில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தாள். மூன்று வருடமாக இருவரும் பேருந்தில் ஒரே இருக்கை, மதியம் ஒரே மேஜை. நவம்பரில் கோமளா டெங்குவில் படுத்திருந்தபோது போனிலேயே பாஸ்வேர்டைச் சொல்லி, ஜெபாவைத்தான் மதிப்பெண் ஏற்றச் சொன்னாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதை மாற்றிவிடச் சொன்னவளும் ஜெபாதான். கோமளா மாற்றவில்லை. அவளிடம் என்ன ஒளிவு மறைவு என்று விட்டுவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி ஜெபா பேருந்தில் வரவில்லை என்பதும் இப்போது நினைவுக்கு வந்தது. ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, பிறகு வருகிறேன் என்றிருந்தாள்.

சாயங்காலம் பேருந்தில் ஏறும் முன், கடைசி ட்ரிப் வேனை ஓட்டும் டிரைவர் துலுக்கானத்திடம், பன்னிரண்டாம் தேதி ஜெபா மேடம் எப்படி வீட்டுக்குப் போனார்கள் என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"நான்தான் ரெண்டாவது ட்ரிப்ல இட்டுகினு போனேன் மேடம். ஏழரை இர்க்கும்."

"ஸ்பெஷல் கிளாஸ் அவ்வளவு நேரமா நடந்துது?"

"இன்னா கிளாஸு? கிளாஸ் ரூமெல்லாம் ஆறு மணிக்கே பூட்டிட்டாங்க. அவுங்க ஆபீஸ் பில்டிங்ல இர்ந்துதான் வந்தாங்க. மூஞ்சே சரியில்ல."

ஜெபா ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்பெஷல் கிளாஸில் எந்தப் பாடம் எடுத்தாய் என்று கோமளா கேட்டாள். ஜெபா ஒரு நொடி தயங்கி, பழைய பாடம்தான் அக்கா, ரிவிஷன் என்றாள். பொய் சொல்லிப் பழகாதவளின் பொய். கோமளா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே பட்டது. கோமளா உள்ளே நுழைந்தால் ஜெபா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஒருநாள், திருத்திய தாள்களெல்லாம் உங்கள் அலமாரியில்தானே இருக்கின்றன, பூட்டி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். இவளுக்கு எதற்கு அந்த விசாரணை? மதியம் ஜெபா மீன் வறுவலை எடுத்து வைத்தபோது, இன்றைக்கு விரதம் என்று சொல்லிவிட்டாள் கோமளா. அன்று விரதமும் இல்லை, ஒன்றும் இல்லை. இரவு படுத்தால், இத்தனை நாள் சிரித்துப் பேசியதில் எது நிஜம் என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டிப் பார்த்தது.

நான்காம் நாள் அகடமிக் ஹெட் ரவிச்சந்திரன் அவளை அறைக்கு அழைத்தார். ஆசிரியர்களுக்கெல்லாம் மேலே இருந்தவர் அவர். குரலை உயர்த்தவே மாட்டார். காபி வரவழைத்தார். அவளுடைய வகுப்பைப் பற்றி மாணவர்கள் நல்லவிதமாகச் சொல்வதாகச் சொன்னார். அப்புறம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இங்கே மதிப்பெண்கள் மாற்றப்படுகின்றன என்று யாரோ பெயர் போடாமல் பல்கலைக்கழகத்துக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்கள். தேர்ச்சி எண்பது சதவீதத்துக்குக் கீழே போனாலும் ஆபத்து, இப்படிப் பெயர் கெட்டாலும் ஆபத்து, ஒப்பந்தமே போய்விடும் என்றார்.

"நீங்க என் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி. அதனால சொல்றேன். ஜெபாவக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க. யார்கிட்ட பேசறாங்க, என்ன பேசறாங்கன்னு."

கோமளாவுக்கு, நாம் நினைத்ததையேதானே இவரும் நினைக்கிறார் என்று தோன்றியது. மதிப்பெண் மாறியிருப்பதைச் சொன்னாள். அவர் வியந்ததாகத் தெரியவில்லை. உங்கள் பாஸ்வேர்ட் வேறு யாருக்காவது தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

"ஜெபாவுக்குத் தெரியும் சார்."

சொல்லிவிட்டு வெளியே வந்தபோது பாரம் இறங்கியதுபோல் இருந்தது. படியிறங்கி முடிப்பதற்குள் அந்தப் பாரம் வேறு எங்கோ ஏறி உட்கார்ந்துகொண்டது. காபியைக் குடித்தோமா என்றுகூட அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் மாலை பேருந்தில் ஜெபா வந்து உட்கார்ந்தாள். பூந்தமல்லி தாண்டியதும் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள். மெமோ. சக ஆசிரியரின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி மதிப்பெண்களை மாற்றியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும், இல்லையென்றால் பணிநீக்கம்.

"எனக்கு ஒண்ணுமே புரியல அக்கா" என்றாள் ஜெபா. "உங்ககிட்ட ஒண்ண மறைச்சுட்டேன். அன்னைக்கு ஸ்பெஷல் கிளாஸ் இல்ல. ரவிச்சந்திரன் சார் கூப்பிட்டு ஆறு மணியிலேருந்து ஏழரை வரைக்கும் உட்கார வச்சிருந்தாரு. மெயில் போட்டது நீங்கதான்னு அவருக்குச் சந்தேகமாம். 'நீங்க என் கூடப்பிறந்த தங்கச்சி மாதிரி, கோமளாவக் கொஞ்சம் கவனிச்சுக்குங்க'ன்னாரு. வெளிய சொன்னா வேலை போயிடும்னாரு."

 அதே தங்கச்சி. அதே கவனிச்சுக்குங்க.

"நீ என்ன சொன்ன?"

"உங்களைப் பத்திச் சொல்ல எனக்கு எதுவும் இல்லன்னு சொன்னேன். அதான் அவ்வளவு நேரம். உங்க தாளையெல்லாம் யாராவது எடுத்துடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு. அதான் அலமாரியப் பூட்டுனீங்களான்னு கேட்டேன்."

ஆறு நாற்பதுக்கு ஜெபா அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் மெமோ கொடுத்திருக்கிறார். பல்கலைக்கழகம் கேள்வி கேட்கும் முன் காட்டுவதற்கு ஒரு தலை தேவைப்பட்டது. அந்தத் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார் என்று கோமளாவுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஜெபாவாகக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

"பாஸ்வேர்ட் உனக்குத் தெரியும்னு அவர்கிட்டச் சொன்னது நான்தான்" என்றாள்.

ஜெபா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கத்துவாள், அழுவாள் என்று கோமளா எதிர்பார்த்தாள். ஜெபா மெமோவை வாங்கி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஆவடி சிக்னலில் பேருந்து நின்றதும் எழுந்துபோய், முன்னால் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். சேக்காட்டில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கோமளா முதல் வேலையாகக் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போனாள். அங்கே பொறுப்பில் இருந்தவர் கார்த்திகேசன். யாருடைய பாஸ்வேர்டையும் மாற்றித் தரவும், அவர்கள் பெயரிலேயே கணக்கைத் திறக்கவும் முடிந்தவர். பன்னிரண்டாம் தேதி தன் பெயரில் எந்தக் கணினியிலிருந்து திறந்தார்கள் என்று கேட்டாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அதெல்லாம் மேலே கேட்டுத்தான் தர வேண்டும் மேடம் என்றார். மேலே என்றால் யார் என்றாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னை இதுல இழுக்காதீங்க மேடம். எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

அதற்குமேல் கேட்க ஒன்றுமில்லை. அலமாரியைத் திறந்து பதினோரு தாள்களையும் எடுத்தாள். சிவப்பு மையில் அவள் எழுத்து, அவள் கூட்டல், அவள் கையெழுத்து. ஒவ்வொன்றையும் படம் பிடித்தாள். மாற்றிய நேரம் தெரியும்படி திரையையும் படம் பிடித்தாள். வீட்டுக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தின் தேர்வு அதிகாரிக்கு மெயில் எழுதினாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். தான் ரவிச்சந்திரனிடம் சொன்னதையும், அந்த நேரத்தில் ஜெபா எங்கே இருந்தாள் என்பதையும் விடவில்லை. கீழே தன் முழுப்பெயரைப் போட்டாள். அனுப்புவதற்கு முன் கணவர் கங்காதரனிடம் படித்துக் காட்டினாள். வேலை போய்விடும், தெரியுமில்லையா என்றார் அவர். தெரியும் என்றாள். சரி, இரண்டாவது பத்தியில் தேதி தப்பாக இருக்கிறது பார் என்றார்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இரண்டு வாரமும் வகுப்பறைக் கேமரா தன்னையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. ஜெபாவின் விளக்கக் கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

மார்ச் கடைசியில் வெளிநாட்டிலிருந்து இருவர் வந்து, எல்லா ஆசிரியர்களின் தாள்களையும் வாங்கிப் பார்த்தார்கள். மூன்று பாடங்களில் நாற்பத்திரண்டு பேருடைய மதிப்பெண் மாறியிருந்தது தெரிந்தது. எல்லாம் பழையபடி ஆக்கப்பட்டன. தொழில்நுட்பக் கோளாறு என்று அறிக்கை ஒட்டினார்கள். ஜெபாவின் மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். ரவிச்சந்திரன் நீண்ட விடுப்பில் போனார். போகும் முன் கோமளாவைப் பார்த்து எப்போதும்போல மென்மையாகச் சிரித்தார். அந்தப் பெயரில்லாத மெயிலை எழுதியது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆசிரியர் அறையில் பாதிப் பேர் அது கோமளா என்று நம்பினார்கள்.

கோமளா ஜெபாவிடம் மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை அக்கா என்றாள் ஜெபா. வேலை விஷயமாக எது கேட்டாலும் முகம் கொடுத்துப் பதில் சொன்னாள். ஆனால் முன் இருக்கையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஜூனில் திவ்யா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். பட்டாபிராமில் ஏறி, காலியாக இருந்ததால் கோமளாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கேண்டீன் எப்படி, லீவு எப்படி என்றெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தவள், பூந்தமல்லி வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"மேம், இங்க யார்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்?"

இவளைக் கேட்கச் சொன்னது யார் என்றுதான் கோமளாவுக்கு முதலில் தோன்றியது. திவ்யாவின் மடியில் கிடந்த போனைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். முதல் வேலை, முதல் நாள், புதிதாக அயர்ன் பண்ணிய துப்பட்டா. கேள்விக்குப் பின்னால் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. இருந்தாலும், பேருந்து திருமழிசையைத் தாண்டும்வரை யோசித்தாள்.

"போகப் போகத் தெரியும்மா" என்றாள்.