மூன்று கடை வளையம்

உலகத்துத் துறைமுகங்கள் எல்லாம் ஒரே நாளில் மூடினாலும் மத்தியாஸ் வடிவமைத்த ஆக்ஸிஜன் இயந்திரம் நிற்காது. கமுந்திங் தொழிற்சாலையில் கேக் வெட்டிய கையோடு அவரே அப்படி அறிவித்தார். ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று கடைகள். ஒன்று கைவிட்டால் இன்னொன்று. கைதட்டல் அடங்க நேரமானது.

துறைமுகங்கள் எல்லாம் திறந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றேகாலுக்கு, அது நின்றது.

நின்ற இடம் தஞ்சோங் ரம்புத்தானில் அவர் வீடு. மனைவி எல்ஸியின் கட்டிலருகே. உள்ளே ஐந்து காசு நாணய அகல ரப்பர் வளையம் ஒன்று கிழிந்திருந்தது. அந்த வீட்டுமனையே பழைய ரப்பர் தோட்டம்.

மாற்று சிலிண்டரில் ஒன்றேகால் மணி நேரத்துக்குக் காற்று. ஆம்புலன்ஸ்காரர் போனில், "பாலத்துல தண்ணி ஏறிருச்சி, சுத்திதான் வரணும்லா. ஒன்றரை மணி நேரம் ஆவும்" என்றார்.

மத்தியாஸ் குக்கர் வளையத்தை வெட்டிப் பொருத்திப் பார்த்தார். அது பிய்ந்தது. முதல் கடைக்குப் போன் அடித்தார்.

"ஸ்டாக் இல்ல பாஸ். நான் ஈப்போ நாசர்கிட்டதான் எடுக்கிறேன்."

இரண்டாவது கடை, சிலிம் ரிவர் ஊரில் சரளாவுடையது. "நாசர் அண்ணன் குடுத்தாத்தான் எனக்கே, சார்."

மூன்றாவது கடை அப்துல் நாசருடையதுதான். தொழுகை நேரம், போன் அணைந்திருந்தது.

"மூணு கடை... இருக்குன்னீங்களே," என்றாள் எல்ஸி. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"பேசாத எல்ஸி, மூச்ச விடு."

சிலிண்டர் அளவுமானியின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. அவர் இருபத்திரண்டு முறை அழைத்தார். இரண்டு மணி தாண்டி நாசர் எடுத்தார்.

"ஒரு டின் நெறைய இருக்கு, மச்சான். மோட்டார் சைக்கிள்லயே தோட்டத்துப் பாதையா வாரேன்."

முள் சிவப்பைத் தொட்டபோது வாசலில் ஹாரன் கேட்டது. வளையம் உட்கார்ந்தது; இயந்திரம் உறுமியது. எல்ஸியின் மார்பு ஏறி இறங்குவதை மத்தியாஸ் எண்ணினார். முப்பது வரை எண்ணிய பிறகுதான் நாசர் பக்கம் திரும்பினார்.

"இத எங்கருந்துண்ணே எடுக்கிறீங்க?"

"கமுந்திங்லருந்துதான். மூணு கடையில கிடைக்குதாம், ஸ்டோர்ல எதுக்கு அடைச்சி வைக்கணும்னு போன வருசம் ஒரு ஃபேக்டரியில கிலோ கணக்குல தள்ளிவிட்டாங்க. எவனோ பெரிய மூளக்காரன்லா!"

டின் மூடியில் 'தேவையில்லை' என்ற சீட்டு ஒட்டியிருந்தது. அதில் மத்தியாஸின் கையெழுத்து இருந்தது.