தோற்பதற்கென்று ஒரு பிரதமர்

பிரதமர் பதவிக்கு ஸ்மராந்தாவின் பெயரைச் சொல்லப்போவதாக அதிபர் ஹஞ்சு அவளிடம் தெரிவித்தபோது, கூடவே இன்னொன்றையும் சொல்லிவிட்டார். அவள் தோற்க வேண்டும்.

அதிபரின் கொத்ரோசேனி மாளிகையில் காபி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

"ஏற்கெனவே ஒருத்தர் பேரச் சொன்னேன், நாடாளுமன்றம் வேண்டாம்னுடுச்சு. உங்களையும் வேண்டாம்னுட்டா ரெண்டாச்சு. அப்புறம் சபைய நான் கலைச்சுடலாம். இப்போ தேர்தல் வந்தா நம்ம கட்சிதான் அள்ளும்."

"அப்புறம் பிரதமர் யாரு?"

"உங்க தலைவர் ஹோரியாதான், வேற யாரு? உங்களுக்கு ஒரு தூதர் பதவி. பாரிஸ் பிடிக்குமில்ல?"

எங்கள் ருமேனியாவில் பெயரைச் சொல்வது அதிபர். ஏற்பதும் தள்ளுவதும் நாடாளுமன்றம். ஆளுக்குப் பாதி உரிமை. அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு பெண்ணை நிறுத்தி, வெட்டுவதற்கு நாளும் குறித்துவிட்டு, பாரிஸ் பிடிக்குமா என்று கேட்கிறார் மனிதர்! இரண்டு முறை மந்திரியாக இருந்தவள் ஸ்மராந்தா. கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, "பிடிக்கும் ஐயா," என்றாள். மாளிகைப் படியில் இறங்கும்போதே ஜெயிப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

நேராக எதிர்க்கட்சித் தலைவர் பனாயித்திடம் போனாள். அவரும் அவளும் ஒரே ஊர்க்காரர்கள். எள் ஒட்டிய ரொட்டி வளையத்தைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார் அவர்.

"வாம்மா பலியாடு. மாலை எப்போ போடுறாங்க?"

"கிண்டல் பண்ணாதீங்க அண்ணே. நான் தோத்தா தேர்தல். தேர்தல் வந்தா உங்க ஆளுங்கள்ல பாதிப்பேர் வீட்டுக்குத்தான் போகணும்."

பனாயித் மெல்லுவதை நிறுத்தினார்.

"அதுக்காக உன்னைய ஜெயிக்க வைக்கணுமாக்கும்? எதிர்க்கட்சின்னா ஒரு மானம் மரியாத வேண்டாமா?"

"மானத்த வச்சுக்கிட்டு சபைக்கு வெளியில நில்லுங்க, யாரு வேண்டாம்னா?"

அவர் எள் சிதறச் சிரித்தார். "வாய் குறையலடி உனக்கு. சரி, நாங்க மொத்தப் பேரும் போட்டாலும் பத்து ஓட்டு இடிக்குமே?"

"அத நான் பாத்துக்கறேன்."

பத்து ஓட்டையும் சொந்தக் கட்சியில்தான் தேட வேண்டும். அடுத்த தேர்தலுக்கான வேட்பாளர் பட்டியலில் ஹோரியா தனக்கு வேண்டியவர்களைத் திணித்து வைத்திருந்தார். முதல் முறையாகச் சபைக்கு வந்தவர்கள் பலருக்கு அதில் இடமில்லை. ஆனால் தலைவரை எதிர்க்கும் தெம்பு ஒருவருக்கும் இல்லை. சபை உணவகத்தில் ஒருவரைப் பிடித்தாள்.

"தலைவருக்குத் துரோகம் பண்ணச் சொல்றீங்களே மேடம்."

"யாரு சொன்னா? கை தவறக் கூடாதா என்ன?"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு குனிந்து, சூப்பைப் பார்த்துச் சிரித்தார்.

ரகசிய ஓட்டுக்கு எங்கள் சபையில் ஆளுக்கு இரண்டு சிறு உருண்டைகள் கொடுப்பார்கள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. பெட்டிகளும் அதே போல இரண்டு. வெள்ளையில் வெள்ளையும் கறுப்பில் கறுப்பும் போட்டால் சம்மதம். மாற்றிப் போட்டால் மறுப்பு. பழம் தின்று கொட்டை போட்டவர்களே திரைக்குப் பின்னால் போய், எது எதில் என்று முழிப்பார்கள். குழம்பிவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் நம்பித்தான் ஆக வேண்டும்.

ஓட்டெடுப்பு அன்று ஹோரியா வரிசை வரிசையாகப் போய், "மாத்திப் போடணும், மாத்தி!" என்று தொண்டை கட்டும்வரை சொன்னார். ஸ்மராந்தா மேடை ஏறினாள்.

"என்னைத் தோற்கடிக்கவே நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஊரே பேசுகிறது. பேசட்டும். பெயரைச் சொன்னதோடு அதிபரின் வேலை முடிந்தது. மிச்சம் உங்களுடையது. அதையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்."

எதிர்க்கட்சி கை தட்டியது. சொந்தக் கட்சி கூரையைப் பார்த்தது.

எண்ணி முடித்தபோது, வேண்டியதற்கு மேல் நாலு ஓட்டு வந்திருந்தது. ஹோரியா முகத்தில் ஈயாடவில்லை. அவர் திரும்பிய பக்கமெல்லாம், "ஐயோ, நானும் கொழம்பிட்டேனோ என்னவோ!" என்று தலையைச் சொறிந்தார்கள்.

மாலையில் மாளிகை. நியமன ஆணை மேசைமேல் இருந்தது. பதவியேற்பைப் படம்பிடிக்கப் பக்கத்துக் கூடத்தில் கேமராக்கள் காத்திருந்தன. ஹஞ்சு கதவைச் சாத்தினார்.

"இது ஒரு விபத்து, ஸ்மராந்தா. ஒரு வாரம் இருந்துட்டு, உடம்பு சரியில்லன்னு விலகிடுங்க. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்."

"உடம்பு நல்லாத்தானே இருக்கு ஐயா."

"நான் கொண்டாந்த ஆள் நீங்க. மறந்துடாதீங்க."

"எப்படி மறப்பேன்? பேரச் சொன்னது நீங்க, ஏத்துக்கிட்டது அவங்க. ஆனா என்னை இறக்குற உரிமைய சட்டம் உங்களுக்குக் குடுக்கல. அதுவும் அவங்ககிட்டதான் இருக்கு. அவங்களுக்கு இப்போ அந்த ஆசை இல்ல."

ஹஞ்சு சட்டம் படித்தவர். அவள் சொன்னது சரி என்று அவருக்கே தெரியும். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, "நான் கையெழுத்தே போடலன்னா?" என்றார், பாதி விளையாட்டாக.

"போட்டுத்தான் ஆகணும் ஐயா. பதவிப் பிரமாணமும் உங்க முன்னாலதான்."

அவர் போட்டார். ஸ்மராந்தா எழுந்து போய், நாட்டின் அதிபர் வெளியே வருவதற்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.